சோங்சிங் நாட்குறிப்பு: கூடைக்காரர்களின் ரயில்

செவ்வாய்

தென்மேற்குச் சீனாவின் செங்டுவிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சோங்சிங் வந்துவிட்டது. தோழியின் தம்பி இங்கே மருத்துவம் படிக்கிறான். ஸ்டேஷனுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டவன், நடக்கத் தொடங்குவதற்கு முன்பே எச்சரித்தான்: "அக்கா, இங்க மேப்ல பக்கத்துலன்னு காட்டினா நம்பாதீங்க. பக்கத்துலதான் இருக்கும். ஆனா பத்து மாடி கீழ இருக்கும்."

விடுதிக்குப் போகும்போதே அது புரிந்துவிட்டது. யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் சேரும் இடத்தில் நீளும் குன்றுதான் யூஜோங், பழைய சோங்சிங். சமதளம் என்று சொல்ல உள்ளங்கை அளவு இடம் இல்லை. ஒரு தெருவின் தரை இன்னொரு தெருவின் கூரை. நான் தங்கியிருக்கும் கட்டடத்தில் தெருவிலிருந்து நேராக உள்ளே நுழைந்தால் அது ஒன்பதாவது மாடி. லிஃப்டில் கீழே போனால் அங்கேயும் ஒரு தெரு, பஸ் ஓடுகிறது.

"உலகின் மிகப் பெரிய நகரம்" என்று இந்த ஊரைப் பற்றி யூடியூபில் அடிக்கடி சொல்கிறார்கள். அதைக் கொஞ்சம் விளக்கிவிட்டுப் போகிறேன், பின்னால் தேவைப்படும். 1997-இல் சிச்சுவான் மாகாணத்திலிருந்து சோங்சிங்கைப் பிரித்து, பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் போல மத்திய அரசின் நேரடி ஆட்சியில் வைத்தார்கள். மூன்று பள்ளத்தாக்கு அணையால் இடம்பெயரும் லட்சக்கணக்கானோரைக் குடியமர்த்தும் வேலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். பரப்பளவு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய ஆஸ்திரியா அளவு. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3.2 கோடி. இதில் காடு, மலை, வயல், கிராமம் எல்லாம் அடக்கம். ஒரே நகராட்சிக்குள் வானுயரக் கட்டடமும் இருக்கிறது, முள்ளங்கித் தோட்டமும் இருக்கிறது.

மாலையில் லீட்சிபா ஸ்டேஷன். 19 மாடிக் கட்டடத்துக்குள் மோனோரயில் புகுந்து வெளியே வருமே, அந்த இடம். 2 ஆம் தடத்தின் ரயில் இது. ஆறாவது மாடி முதல் எட்டாவது மாடி வரை ஸ்டேஷன். ஏற்கெனவே இருந்த கட்டடத்தைக் குடைந்து ரயில் விட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டினார்கள். ஸ்டேஷனைத் தாங்கும் தூண்கள் வேறு, வீடுகளைத் தாங்கும் தூண்கள் வேறு. அதனால் அதிர்வு வீடுகளுக்குப் போவதில்லை. ரயிலுக்கு ரப்பர் சக்கரம் என்பதால் சத்தமும் குறைவு. கீழே மேடையில் நூற்றுக்கணக்கானோர் வாயைத் திறந்து ரயிலை விழுங்குவதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேலே பார்க்கத்தான் பிடித்தது. ஸ்டேஷனுக்கு மேல் மாடியில் ஒருவர் ஜன்னல் கம்பியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அடியில் ரயில் போனது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

புதன்

இன்று முழுக்க ஏறுவதும் இறங்குவதும்தான்.

லியாங்லூகோவில் ஓர் எஸ்கலேட்டர் இருக்கிறது. 1996 முதல் ஓடுகிறது. நீளம் 112 மீட்டர், ஏற்றம் 52.7 மீட்டர். மேலே நகரம், கீழே பழைய ரயில் நிலையம். கட்டணம் 2 யுவான். காசு கொடுத்து எஸ்கலேட்டரில் போவதா என்று தோன்றலாம். பக்கத்திலேயே படிக்கட்டும் இருக்கிறது, அதைப் பார்த்தால் அந்த யோசனை போய்விடும். கைசுவான் சாலையில் 1986-இலிருந்து ஒரு லிஃப்ட். மேல்தெருவையும் கீழ்தெருவையும் இணைக்கிறது, 1 யுவான். யாங்சியின் மேல் 1987 முதல் ஒரு கம்பிவண்டி (ரோப் கார்), 1,166 மீட்டர். மலையேற முடியாத ஜனங்கள் வேலைக்குப் போய்வரத்தான் இவற்றையெல்லாம் கட்டினார்கள். பஸ் எப்படியோ அப்படி. ஜியாலிங் ஆற்றின் மேல் 1982-இல் வந்த கம்பிவண்டி பாலம் கட்டுவதற்காக 2011-இல் நின்றுபோனது. யாங்சி கம்பிவண்டி மட்டும் தப்பித்தது. இப்போது அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான். நீண்ட வரிசையில் நின்று ஏறினேன். ஆற்றுக்கு நடுவில் பனிமூட்டத்துக்குள் போய்விட்டதால் இரண்டு கரையும் தெரியவில்லை.

மதியம் பாய்சியாங்ஜூ. 1980-களில் கட்டத் தொடங்கிய குடியிருப்பு, 24 மாடி, லிஃப்ட் கிடையாது. சரிவில் நிற்பதால் முதல் மாடியிலும் வாசல், பத்தாவது மாடியிலும் வாசல், பதினைந்தாவது மாடியிலும் வாசல். மூன்றும் வேறு வேறு தெருக்களில் திறக்கின்றன. பத்தாவது மாடி வாசலிலிருந்து பார்த்தால் இது பாதி உயரக் கட்டடம்தான், அதனால்தான் லிஃப்ட் இல்லாமலேயே காலம் ஓடிவிட்டது. ஆனால் அப்போது குடிவந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. ஒரு திருப்பத்தில் பழைய மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். அதில் ஒரு தாத்தா கீரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேமராவும் கையுமாக ஏறி வந்த பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு நாம் வேடிக்கை பார்க்க வருகிறோம் என்பது சங்கடமாக இருந்தது. நான் படம் எடுக்கவில்லை.

அங்கிருந்து சாவோத்தியன்மென். இரண்டு ஆறும் கூடும் முனை. ஜவுளி மொத்தச் சந்தை இங்கேதான். பாங்பாங் என்று கூப்பிடப்படும் காவடிச் சுமைக்காரர்களில் மிச்சமிருப்பவர்களை இங்கே பார்க்கலாம். 1990-களில் லட்சக்கணக்கில் இருந்தார்களாம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஒரு மூங்கில் தடியும் இரண்டு கயிறும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். இந்த ஊரின் அரிசி, சிமெண்ட், டிவி, கட்டில் எல்லாம் அவர்கள் தோளில்தான் படியேறின. பிறகு சாலைகள் வந்தன, லிஃப்ட் வந்தது, கூரியர் வண்டிகள் வந்தன. புதிதாக யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை.

ஒருவரை அரைமணி நேரம் பின்தொடர்ந்தேன். அறுபதைத் தாண்டியவர். துணிமூட்டை இரண்டு. தூக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் கையால் லேசாக நெம்பிப் பார்த்தார், எடை சமமாக இல்லை. கனமான மூட்டையின் கயிற்றைத் தடியில் கொஞ்சம் உள்ளே தள்ளினார். உட்கார்ந்து, தோளைக் கொடுத்து, ஒரே எழுச்சியில் எழுந்தார். படிகளில் நேராக ஏறவில்லை; இடமும் வலமுமாகக் கோணல் கோணலாக ஏறினார். பாதி வழியில், நடையை நிறுத்தாமலே, தலையைக் குனிந்து தடியைக் கழுத்துக்குப் பின்னால் உருட்டி வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றினார். மூட்டைகள் ஆடவே இல்லை.

வியாழன்

விடாத மழை. குடையோடு சுரங்கங்களைப் பார்க்கப் போனோம்.

1937 இறுதியில் ஜப்பானியப் படை அப்போதைய தலைநகர் நான்ஜிங்கை நெருங்கியபோது சீன அரசு இங்கே இடம்பெயர்ந்தது. போர் முடியும்வரை இதுதான் தலைநகரம். 1938 பிப்ரவரியிலிருந்து 1943 ஆகஸ்ட் வரை விமானங்கள் குண்டு போட்டன. மக்கள் மலையைக் குடைந்து பதுங்கினார்கள். சீனாவுக்கு உதவ 1938-இல் இந்தியாவிலிருந்து போன கோட்னிஸ் உள்ளிட்ட ஐந்து மருத்துவர்களும் வடக்கே யெனான் செல்லும் வழியில் இந்த ஊரில்தான் தங்கினார்கள். 1939 ஆகஸ்டில் வந்த நேருவும் இங்கே குண்டுவீச்சைப் பார்த்தார். ஐரோப்பாவில் போர் வெடித்ததால் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார்.

ஜியாவோச்சாங்கோ பகுதியில் ஒரு சுரங்க வாயில் நினைவிடமாக இருக்கிறது. 1941 ஜூன் 5 இரவு, மணிக்கணக்கில் நீண்ட தாக்குதலின்போது அளவுக்கு மீறி ஆட்கள் உள்ளே அடைந்துகிடந்தார்கள். காற்றோட்டம் நின்றுபோய், வாயிலில் நெரிசல் ஏற்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்கிறார்கள். சரியான கணக்கு இன்றுவரை இல்லை. அந்த வாயிலைச் சுற்றி இப்போது கடைகள், செல்போன் விளம்பரங்கள், பபுள் டீ. கடந்து போனவர்களில் ஒரு பாட்டி மட்டும் நின்று பேரனுக்கு ஏதோ சொன்னார். தம்பிக்கும் முழுதாகக் கேட்கவில்லை. "உள்ள இருந்தவங்களப் பத்திதான் சொல்றாங்க" என்றான்.

இதே போன்ற மற்றச் சுரங்கங்களில் இப்போது வாழ்க்கை நடக்கிறது. சிலவற்றில் உணவகங்கள். கோடையில் சில சுரங்கங்களை மக்கள் வெயிலுக்கு ஒதுங்கத் திறந்துவிடுகிறார்கள். பெஞ்சு, குடிநீர் எல்லாம் உண்டு. நாங்கள் ஒரு சுரங்கத்துக்குள் ஹாட்பாட் சாப்பிட்டோம். வளைந்த கூரை, சுவரில் ஈரம், மேஜைக்கு மேஜை புகை. சட்டிக்குள் ஒன்பது கட்டமாக ஓர் இரும்புச் சட்டம். முன்பு படகுத்துறைக் கூலிகள் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே சட்டியைப் பங்குபோட்டுச் சாப்பிட்டபோது, அவரவர் கறி அவரவர் கட்டத்தில் வேகவேண்டும் என்று வந்த ஏற்பாடாம். பணக்காரர்கள் தொடாத மாட்டுக் குடலையும் இரைப்பையையும் மிளகாயும் சிச்சுவான் மிளகும் போட்டு வேகவைத்தவர்கள் அவர்கள். இன்று அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். இரைப்பைத் துண்டைக் குச்சியில் பிடித்துக் கொதிக்கும் குழம்பில் பதினைந்து விநாடி முக்கி முக்கி எடுத்து, பூண்டு போட்ட எள்ளெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடவேண்டும். அதற்குமேல் விட்டால் ரப்பர். காரம் நாம் தாங்குவதுதான். சிச்சுவான் மிளகு வேறு கதை, உதடு மரத்துப்போகிறது. குழம்பே மாட்டுக்கொழுப்பில்தான் செய்கிறார்கள், சைவக்காரர்கள் கவனிக்கவும்.

வெள்ளி

ஹோங்யாதோங், ராஃபிள்ஸ் சிட்டி வானுயரக் கட்டடங்கள், ஜியேஃபாங்பெய் நினைவுத்தூண். மூன்றும் பார்த்தாயிற்று. ஹோங்யாதோங் ஆற்றோரத்துத் தூண்வீடுகளின் சாயலில் 2006-இல் கட்டி முடித்த 11 மாடிக் கடைவளாகம். இரவு விளக்கில் அழகுதான், எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் போதும். நினைவுத்தூண் 1947-இல் ஜப்பானை வென்றதற்காக எழுப்பியது, 1950-இல் விடுதலைத் தூணாகப் பெயர் மாறியது. சுற்றிலும் கைக்கடிகாரக் கடைகள். ஹோங்யான்சூன் மெட்ரோ ஸ்டேஷனுக்கு மட்டும் கட்டாயம் போங்கள். நடைமேடை 116 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டர் மாறி எஸ்கலேட்டர் ஏறி வெளியே வருவதற்குள் காது அடைக்கிறது.

சனி

தாட்சு பாறைச் சிற்பங்கள். நகராட்சி எல்லைக்குள்தான், ஆனால் ரயிலும் பஸ்ஸுமாகப் போனால் அரைநாள் போய்விடும். பாவோதிங் மலையில் ஜாவோ ஜிஃபெங் என்ற துறவி 1179-இல் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த வேலை. குதிரைலாட வடிவில் வளையும் பாறைச்சுவர் முழுக்கச் சிற்பம். 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 31 மீட்டர் நீளச் சயன புத்தர், 830 கைகளோடு தங்க முலாமிட்ட குவான்யின் என்ற பௌத்தக் கருணைத் தெய்வம். அந்தக் கைகளைச் சரிசெய்ய மட்டும் 2008 முதல் 2015 வரை ஆனது.

கூட்டமெல்லாம் அங்கேதான். நான் அதிக நேரம் நின்றது பெற்றோரின் அன்பைச் சொல்லும் வரிசையில். வயிற்றில் சுமப்பது, பெறுவது, ஊட்டுவது என்று ஒவ்வொரு காட்சியாகப் போகிறது. ஒன்றில் தாயும் குழந்தையும் படுத்திருக்கிறார்கள். இரவில் படுக்கை நனைந்துவிட்டது. ஈரமான பக்கத்தில் தாய் படுத்துக்கொண்டு, குழந்தையைக் காய்ந்த பக்கத்துக்கு நகர்த்துகிறாள். தூக்கத்திலேயே நடக்கும் காரியம்தானே, அவள் கண் மூடியிருக்கிறது. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதைக் கல்லில் பிடித்துவைத்திருக்கிறார்.

கொஞ்சம் தள்ளி நரகக் காட்சிகள். கோழி வளர்ப்பதும் உயிரைக் கொல்வதில் சேர்த்தி என்பதால் கோழி வளர்க்கும் பெண் ஒருத்தியும் பாவிகள் வரிசையில் இருக்கிறாள். ஆனால் செதுக்கியவருக்கு அவள்மேல் கோபமே இல்லை. வட்டமுகம், லேசான சிரிப்பு. குனிந்து மூங்கில் கூடையைத் தூக்கித் திறக்கிறாள். வெளியே வந்த இரண்டு கோழிகள் ஒரு மண்புழுவை ஆளுக்கொரு முனையில் இழுக்கின்றன. கூடையின் பின்னல்கூட ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சு விற்றவரிடம் அதே பின்னல் கூடையைப் பார்த்தேன்.

ஞாயிறு

6 ஆம் தடம் பிடித்து பெய்பெய். பின்னால் நிற்பது ஜின்யுன் மலை. இங்கே வரவேண்டும் என்று 2022-இலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆகஸ்டில் 18, 19 தேதிகளில் பெய்பெயில் 45 டிகிரி. ஜியாலிங் ஆறு பல இடங்களில் ஓடைபோல் சுருங்கியது. நீர்மின்சாரம் போதாமல் ஆலைகளை மூடினார்கள், பெரிய கடைகளை மாலை 4 முதல் 9 வரை மட்டும் திறக்கச் சொன்னார்கள். கொரோனா பரிசோதனை வரிசை வேறு. 21 ஆம் தேதி இரவு இந்த மலையில் தீ பிடித்தது. காட்டை வெட்டித் தீத்தடுப்புப் பாதை போட்டார்கள். அது செங்குத்தாக இருந்ததால் லாரி ஏறவில்லை. அப்போதுதான் மோட்டார்சைக்கிள் பையன்கள் வந்தார்கள். தண்ணீர், ஐஸ், தீயணைப்புக் கருவி, உணவு, தீயணைப்பு வீரர்கள் என்று எல்லாவற்றையும் புழுதியில் மேலே கொண்டுபோனார்கள். வண்டியில்லாதவர்கள் முதுகில் கூடை மாட்டிக்கொண்டு ஏறினார்கள், வரிசையாக நின்று கைமாற்றினார்கள். 25 ஆம் தேதி இரவு, காட்டுத்தீ வரும் வழியைத் தாங்களே முன்கூட்டி எரித்து, எதிர்த்தீயால் அதை மடக்கினார்கள். 26 காலையில் அணைந்தது. மலைச்சரிவில் ஒரு பக்கம் தீயின் சிவப்புக் கோடு, மறுபக்கம் மனிதர்களின் தலைவிளக்குகள் வரைந்த வெள்ளைக்கோடு; அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது அந்தப் பக்கம் இளம்பச்சையாக இருக்கிறது. டீக்கடையில் இருந்த ஒருவர் அப்போது வண்டி ஓட்டியவராம். எவ்வளவு தடவை ஏறினீர்கள் என்று தம்பி கேட்டதற்கு, எண்ணவில்லை என்றார். பிறகு முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். விழுந்த இடத்தில் தண்ணீர் பெட்டி உடைந்துபோனதுதான் அவருக்கு வருத்தம். தம்பி மொழிபெயர்த்து முடித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனேன், விடவில்லை.

திங்கள்

4 ஆம் தடத்தில் ஷிசுவான் என்றொரு ஸ்டேஷன். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். விடியற்காலை முதல் ரயிலில் விவசாயிகள் முதுகுக் கூடையோடு நகரத்துக்கு வருகிறார்கள் என்று சீனச் செய்திகளில் பிரபலமான இடம். இருட்டிலேயே வாடகைக் கார் பிடித்துப் போனோம்.

வாசல் திறப்பதற்கு முன்பே நாற்பது ஐம்பது பேர். பெரும்பாலும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். உள்ளே விட்டதும் கூடைகளைத் தரையில் இறக்கி, ரயில் வரும்வரை வேலை பார்க்கிறார்கள். மண் தட்டுகிறார்கள், பழுத்த இலையைக் கிள்ளுகிறார்கள், வைக்கோலால் கட்டுக் கட்டுகிறார்கள். முள்ளங்கி, பூண்டுத்தாள், கொத்தமல்லி வாசம் ஸ்டேஷன் முழுக்க. அடி குறுகி வாய் அகன்ற மூங்கில் கூடை, இரண்டு தோள்பட்டை. தோளில் அறுக்காமலிருக்க ஒருவர் பட்டையில் பழைய துணியைச் சுற்றித் தைத்திருந்தார். கூடை ஓரத்தில் பணம் வாங்கும் கியூஆர் அட்டை, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையில்.

ஒரு பாட்டியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. இங்கே வயதான பெண்களைக் கூப்பிடுவதுபோல் தம்பி அவரை "போபோ" என்று கூப்பிட்டுப் பேச்சுக்கொடுத்தான். 71 வயது. பட்டாணிக் கொழுந்து கொண்டுபோகிறார். நேற்று மாலை பறித்தது. கிராமத்தில் மொத்தமாக எடுக்கிறவர்கள் பாதி விலைதான் தருவார்களாம். மகன் போதுமென்கிறானாம். "வீட்ல உக்காந்தா கால் கெட்டுப்போகும்னு சொல்றாங்க அக்கா" என்றான் தம்பி. ரயில் நகரத்தை நெருங்க நெருங்க அலுவலகக்காரர்கள் ஏறினார்கள். லேப்டாப் பையும் கீரைக் கூடையும் ஒட்டி நின்றன. கூடையோடு ஏறுகிறவர்களை மெட்ரோ நிர்வாகம் தடுக்காதது பெரிய விஷயம். அந்த ரயிலை நம்பித்தான் இவர்கள் விதைக்கிறார்கள்.

அவரோடே இறங்கினோம். எழும்போது கூடையை இருக்கையில் வைத்து, முதுகைக் கொடுத்து, முன்னால் சாய்ந்து எழுந்தார். காவடிக்காரர் எழுந்த அதே விதம். சந்தைத் தெருவில் ஒரு சாக்கை விரித்துக் கடை போட்டார். அரைக்கிலோ 6 யுவான். ஓர் இளம்பெண் அலுவலகம் போகிற வழியில் இரண்டு கட்டு வாங்கினாள், பேரம் பேசவில்லை. நானும் ஒரு கட்டு வாங்கினேன். மதியம் தம்பியின் விடுதி அடுக்களையில் பூண்டு தட்டிப்போட்டு வதக்கினோம். அவ்வளவு இளசான கொழுந்து, இரண்டு நிமிடத்தில் வெந்துவிட்டது.

சோங்சிங் போகிறவர்களுக்கு ஒரே ஒரு காலைதான் கிடைக்கும் என்றால் ஷிசுவானுக்குப் போங்கள். வெளிச்சம் வரும் முன்பே அங்கே இருக்கவேண்டும். முகத்தைப் படமெடுக்கும் முன் கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையசைப்பார்கள். சிலர் கையால் மறைப்பார்கள், விட்டுவிடுங்கள். கூடைகளைத் தாண்டி நடக்காதீர்கள், சுற்றி நடங்கள். ஏதாவது வாங்குங்கள், சமைக்க இடமில்லாவிட்டால் ஆரஞ்சாவது வாங்குங்கள்.

நாளை மாலை சாவோத்தியன்மென்னிலிருந்து படகு, மூன்று பள்ளத்தாக்கு வழியாக யிசாங். படகில் இணையம் கிடைத்தால் அங்கிருந்து எழுதுகிறேன்.